கணக்கில் வராத வரிகள்

வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று நான் கூறியபோது, கலைப்பீடத்து நண்பர் ஒருவர், "வியாபாரம் செய்வதற்கும் பட்டம் வேண்டுமோ?" என்று வினவினார். அவர் எள்ளிக் கேட்டாரா, அறிய விரும்பிக் கேட்டாரா என்பதை அவர் முகத்திலிருந்து உணர முடியவில்லை. ஆயினும் வினா நியாயமானதே. 1908ஆம் ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழகம் வணிகக் கல்லூரியொன்றை நிறுவியபோது, அங்கு எதைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பன தீர்ந்த விடயங்களாக இருக்கவில்லை. 1919இல் அக்கல்லூரியின் பீடாதிபதியாகப் பொறுப்பேற்ற வாலஸ் டொனம் சட்டம் பயின்றவர். சட்ட மாணவர் பழைய வழக்குத் தீர்ப்புகளைப் படித்து விவாதித்துச் சட்டம் கற்பது போல, வணிக மாணவர் உண்மையான நிறுவனங்களின் சிக்கல்களைப் படித்து விவாதித்துக் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1921இல் ஒரு காலணி உற்பத்தி நிறுவனத்தைப் பற்றி எழுதப்பட்ட விடய ஆய்வே இவ்வகையில் முதலாவது என்பர். அதன் பின் உலகெங்கும் வணிகக் கல்வி பெரும்பாலும் இவ்வழியிலேயே சென்றுள்ளது.

2017இல் கொழும்பிலுள்ள பட்டப்பின் படிப்பு வகுப்பொன்றில் நான் சேர்ந்தபோது என் கையில் தரப்பட்டவையும் இத்தகைய விடய ஆய்வுகளே. சனி, ஞாயிறு தினங்களில் வகுப்பு. வங்கி உத்தியோகத்தர், ஆடைத் தொழிற்சாலை முகாமையாளர், மருத்துவர் இருவர், படைத்துறை வழங்கற் பிரிவு அதிகாரி ஒருவர் எனப் பல திறத்தாரும் அங்கு இருந்தோம். முதனாள் இரவு இருபது பக்கங்களைப் படித்துச் செல்லவேண்டும். மறுநாள் விரிவுரையாளர் விரிவுரை ஆற்றமாட்டார், "நீர் இந்நிறுவனத்தின் தலைவராயின் என்ன செய்வீர்?" என்று ஒருவரைச் சுட்டிக் கேட்பார். பேசத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வர் என்று இம்முறையைப் பழிப்போர் உளர். அப்பழியில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் எனக்கு நேர்ந்த இடர் வேறு. இருபது பக்கங்களையும் எழுதியவர் ஒருவர் இருக்கிறாரல்லவா? அவர் எதை எழுதினார் என்பது என் கண்முன் கிடக்கிறது. எதை எழுதாது விட்டார் என்பதை நான் எங்ஙனம் அறிவது? அங்கு பயின்ற பாடங்கள் பலவாயினும் தந்திரோபாயம், கணக்கீடு, தரவுப் பகுப்பாய்வு ஆகிய மூன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஏனெனில் இவை மூன்றும் என்னை இவ்வொரு வினாவின் முன்னேயே கொண்டுவந்து நிறுத்தின.

தந்திரோபாயம் என்னும் சொல் வணிக வகுப்புக்கு வருமுன்பே எங்கள் தலைமுறைக்கு நன்கு பழக்கமானது. வானொலிச் செய்தியில் 'தந்திரோபாயப் பின்வாங்கல்' என்று கேட்டால் வீட்டில் மூட்டை கட்டத் தொடங்குவர். அதே சொல்லைச் சவர்க்காரத்துக்கும் பிஸ்கட்டுக்கும் சூட்டக் கேட்டபோது முதலிற் சிரிப்பே வந்தது. மைக்கேல் போட்டர் 1980இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ஐந்து விசைகளையும், அதாவது நடப்புப் போட்டியாளர், புதிதாய் நுழைவோர், பதிலீட்டுப் பண்டங்கள், வாங்குவோர், வழங்குவோர் என்பவற்றை, எல்லோரும் மனனஞ் செய்து தேர்வில் எழுதினோம். அதில் நீட்டிக் கூற ஒன்றுமில்லை. என் மனத்திற் பதிந்தது ஹொண்டா நிறுவனத்தின் கதை.

பிரித்தானியாவின் மோட்டார்சைக்கிள் தொழில் நலிந்துபோன காரணத்தை ஆராயுமாறு அந்நாட்டு அரசு பொஸ்ரன் ஆலோசனைக் குழுவினரைக் கேட்க, அவர்கள் 1975இல் அறிக்கை அளித்தனர். யப்பானியர் உள்நாட்டிற் பேரளவில் உற்பத்தி செய்து, அலகொன்றின் செலவைக் குறைத்து, சிறிய வண்டிகளோடு அமெரிக்கச் சந்தையினுட் புகுந்து, படிப்படியாக மேலேறினர் என்பது அவ்வறிக்கை வரைந்த சித்திரம். நேர்த்தியான சித்திரந்தான். வணிகக் கல்லூரிகள் அதைத் தந்திரோபாயத்துக்கு இலக்கணமாகவே கற்பித்தன. பின்னர் ரிச்சர்ட் பஸ்கால் என்பவர், 1959இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஹொண்டா அலுவலரையே நேரிற் கண்டு விசாரித்து 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் கூறிய கதை முற்றும் வேறானது. தமக்கு வகுத்த திட்டமென்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்றனர். யப்பானிய நிதியமைச்சு அவர்களுக்கு அனுமதித்த 250,000 டொலரில் 110,000 மட்டுமே பணமாகக் கொண்டுசெல்லத்தக்கது. பெரிய வண்டிகளை விற்கவே எண்ணிச் சென்றனர்; அவை அமெரிக்கரின் நெடுந்தூர விரைவோட்டத்தைத் தாங்காமல் எண்ணெய் ஒழுகி நின்றன. லொஸ் ஏஞ்சலிசில் தம் சொந்த அலுவல்களுக்கு ஓட்டித் திரிந்த 50 சி.சி. சுப்பர் கப் வண்டியைப் பிறர் கண்டு விசாரித்தனர். சிறு வண்டியை விற்றால் மதிப்புக் குன்றும் என்று தயங்கியவர்கள், வேறு வழியின்றி அதையே விற்றனர்.

இவற்றுள் எது உண்மை என்று வகுப்பில் இரண்டு மணி நேரம் வாதிட்டோம். ஆடைத் தொழிற்சாலை முகாமையாளர் பஸ்காலின் பக்கம். வங்கியாளர்கள் அறிக்கையின் பக்கம். எனக்கு இரண்டிலும் ஓரோர் இடைவெளி தென்பட்டது. அறிக்கை எழுதியோர் வெற்றி விளைந்தபின் அதன் காரணத்தைத் தேடியவர்கள். இடையில் வீணான பயணங்களும் பழுதான வண்டிகளும் அவர்களின் வரைபடத்தில் இடம்பெறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேற்சென்றபின் பழைய நாளை நினைவுகூர்ந்தவர்களோ, 1958இல் உள்நாட்டில் அறிமுகமான அச்சிறு வண்டி அங்கு பெற்ற பெருவெற்றியை இயல்பான பின்னணியெனக் கருதி அதன் மீது அழுத்தம் கொடுக்கவில்லை. வென்றவர் கதைக்கு எப்போதும் இரு பிரதிகள் கிடைக்கும். தோற்றுப்போன நிறுவனங்களும் இவ்வாறே சிறு வண்டி ஓட்டித் திரிந்தனவா என்று கேட்பதற்கு விடய ஆய்வு எதுவும் எங்களுக்குத் தரப்படவில்லை.

கணக்கீட்டுக்கு வருவோம். உயர்தரம் வரை தமிழிற் கணக்கீடு கற்ற எனக்கு இப்பாடத்திற் புதுமை இராதென்று எண்ணியிருந்தேன். நாங்கள் கற்ற 'ஐந்தொகை' இப்போது 'நிதிநிலைமைக் கூற்று' எனப் பெயர் மாறிவிட்டது. பெயரிற் கம்பீரம் கூடியதேயன்றி இடப்பக்கம் வலப்பக்கம் என்ற அடிப்படை மாறவில்லை. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்னும் துறவி அச்சிட்டு வெளியிட்ட கணித நூலில் விளக்கப்பட்ட இரட்டைப் பதிவு முறையே இன்றும் அதன் முதுகெலும்பு. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு. இரு பக்கமும் சமப்பட வேண்டும். ஆயின் சமப்பட்ட கணக்கு உண்மையான கணக்கு என்று கருதிவிடலாகாது என்பதை விரிவுரையாளர் முதல் மாதத்திலேயே உணர்த்திவிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது வேர்ல்ட்கொம் என்னும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வீழ்ச்சி. பிற நிறுவனங்களின் தொலைபேசித் தொடர்களைப் பயன்படுத்துவதற்குச் செலுத்திய கட்டணத்தை அந்நிறுவனம் செலவாகப் பதியாது சொத்தாகப் பதிந்தது. செலவு அவ்வாண்டு இலாபத்தைத் தின்னும். சொத்தோ பல ஆண்டுகளுக்குப் பரவிச் சிறிது சிறிதாகத் தேயும். இரு பக்கமும் அழகாகச் சமப்பட்டன. சிந்தியா கூப்பரும் அவருடன் இருந்த உள்ளகக் கணக்காய்வாளரும் அதைக் கண்டுபிடித்து, 2002 யூன் மாதத்தில் உலகறிந்தபோது வெளிவந்த தொகை 380 கோடி டொலர். இதிற் சூத்திரம் எதுவுமில்லை. ஒரு வரியை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்ற ஒரே தீர்மானந்தான்.

இப்பாடத்திற்கான ஒப்படை எளிதாகத் தோன்றியது. தமக்குத் தெரிந்த சிறு வியாபாரம் ஒன்றின் கணக்கைச் சீர்படுத்தி, ஐயக்கடன் ஏற்பாட்டையும் மதிப்பிட்டுக் காட்டவேண்டும். நான் என் ஐயாவின் கடையை எடுத்துக்கொண்டேன்.

சுன்னாகத்தில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்துச் சனங்கள் மழையிலும் இருளிலும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, ஐயா சைக்கிளில் ஏற்றியவை அரிசி, காணி உறுதி, கடன் கொப்பி ஆகியன. மறு ஆண்டு திரும்பி வந்தபோது கடையிற் சுவர்கள் எஞ்சியிருந்தன. கொப்பி முழுமையாக இருந்தது. அதில் 112 பேரின் கணக்குகள். பெயர் எழுதுவது ஐயாவுக்கு வழக்கமில்லை; 'கிணற்றடி வீடு', 'தபாற்கந்தோர் ஆச்சி', 'சைக்கிள் கடை மருமகன்' என்பனவே தலைப்புகள். ஐயாவின் அருகிலிருந்து ஒவ்வொருவராக விசாரித்து நான் அவற்றை வகைப்படுத்தினேன். பின்னாளில் வந்து தீர்த்தோர் 47. இறந்தது உறுதியாகத் தெரிந்தோர் 18. வெளிநாடு சென்று தொடர்பற்றோர் 20. எஞ்சிய 27 பேரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பாடநூலின்படி இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பல மாதங்களாக அசையாத கடன் ஐயத்துக்குரியது, பின் அறவிடமுடியாக் கடன், கணக்கிலிருந்து நீக்குக. 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிதி அறிக்கையிடல் நியமம் ஒன்பதோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முன்னர், கடன் கெட்டதற்குச் சான்று தோன்றியபின் நட்டத்தைப் பதிந்தனர். இப்போது கடன் கொடுக்கும் நாளிலேயே எதிர்பார்க்கும் நட்டத்தைக் கணித்துப் பதிய வேண்டும். வகுப்பிலிருந்த வங்கியாளர்கள் அவ்வாண்டு முழுவதும் இந்நியமத்தோடு மல்லாடி, தூக்கமற்ற கண்களோடு வந்து அமர்ந்திருந்தனர். நியமத்தை ஐயாவுக்கு விளக்கினேன். "வராதெண்டு நினைச்சால் ஏன் குடுக்கிறான்?" என்று கேட்டார். வங்கியியலின் ஒரு முழு அத்தியாயத்தை எதிர்த்து இவ்வளவு சுருக்கமாக எவரும் பேசக் கேட்டதில்லை.

"ஐயா, இந்த 65 பேருடைய காசும் இனி வராதுதானே. கோடு போட்டு வெட்டிவிடட்டோ?" என்றேன்.

"வெட்டாதை தம்பி. செத்த ஆக்களின்ரை பக்கத்தை மூடு, அது வேறை. மற்ற ஆக்கள் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான்."

ஐயாவின் பேச்சிற் கனிவு மட்டுமே இருப்பதாக நான் எண்ணவில்லை. அதில் ஒரு பகுத்தறிவும் உண்டு. 'அறவிடமுடியாக் கடன்' என்னும் ஒரே தலைப்பு, கொடுக்க மனமில்லாதவனையும், கொடுக்க வழியில்லாதவனையும், உயிரோடு இல்லாதவனையும் ஒரே வரியில் அடைத்துவிடுகிறது. ஐயாவின் கொப்பி அவர்களைப் பிரித்து வைத்திருந்தது. இதனை ஒப்படையில் எழுதியபோது விரிவுரையாளர் ஒரு குறிப்பு எழுதித் தந்தார்: கணக்கிலிருந்து நீக்குவது கடனை மன்னிப்பதாகாது, உரிமை அப்படியே இருக்கிறது, சொத்தின் பெறுமதியை மிகைப்படுத்திக் காட்டாதிருப்பதே நீக்கத்தின் நோக்கம், கடனாளியின் நேர்மையைப் பற்றிக் கணக்கீடு எதுவும் கூறுவதில்லை. அவர் கூறியது சரியே. நீக்கிய கடன் பின்னர் வந்து சேர்ந்தால் அதைப் பதிவதற்கும் பாடநூலில் ஒரு தலைப்பு உண்டு: 'அறவிட்ட அறவிடமுடியாக் கடன்'. தன்னைத் தானே மறுக்கும் இத்தொடரை ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். 2002இல் ஏ9 வீதி திறந்தபின் ஒருவர் வன்னியிலிருந்து வந்து, 1995ஆம் ஆண்டுக் கடன் 380 ரூபாவை எண்ணி வைத்துவிட்டு, தேநீரும் அருந்தாமற் சென்றதை அவர் அப்போது நினைவுகூர்ந்தார். அந்த 380 ரூபாவின் வாங்குதிறன் ஏழாண்டுகளில் எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கிட என் கை சென்றது, மடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது பாடமான தரவுப் பகுப்பாய்வு எனக்கு அச்சந் தருவதாகவே இருந்தது. கலைச்சொல்லும் உதவவில்லை. சிறு விலகல்களினூடே ஒரு மாறி மற்றொன்றைச் சார்ந்து செல்லும் போக்கைக் காணும் முறைக்கு நம்மவர் சூட்டிய பெயர் 'பிற்செலவு'. கணக்கீட்டிலிருந்து வரும் மாணவன் இதைப் பின்னர் வரும் செலவென்று கருதினால் அவன்மீது குற்றமில்லை. நிற்க. இப்பாடத்தில் எங்களுக்குத் தரப்பட்ட முதல் விடய ஆய்வு ஒரு மோட்டார் பந்தய அணியைப் பற்றியது. 1986இல் எழுதப்பட்ட அது வணிகக் கல்லூரிகளிற் புகழ்பெற்றது. அணி 24 பந்தயங்கள் ஓடியுள்ளது; ஏழில் இயந்திரம் பழுதாயிற்று. இன்று கடுங்குளிர். பழுதுக்குக் குளிர் காரணமாகலாம் என்று எந்திரம் திருத்துபவர் ஐயுறுகிறார். பழுதான ஏழு பந்தயங்களின் வெப்பநிலைகள் வரைபடத்திற் குறிக்கப்பட்டுள்ளன. குளிர்நாளிலும் பழுது, வெம்மையான நாளிலும் பழுது. ஒரு போக்கும் தெரியவில்லை. வென்றாற் பெரும் ஆதரவுத் தொகை, விலகினால் நட்டம். ஓடுவதா, விடுவதா?

பெரும்பாலான குழுக்கள் ஓடலாம் என்றன. எங்கள் குழுவில் நீர் வழங்கற் பணியிலிருந்த பொறியியலாளரான பெண்மணி மட்டும், "பழுதாகாத பந்தயங்களின் வெப்பநிலை எங்கே?" என்று கேட்டார். கேட்டவர்க்கே அது கொடுக்கப்படும் என்பது விரிவுரையாளரின் ஏற்பாடு. அவற்றையும் சேர்த்துக் குறித்தபோது படம் ஒரு கணத்தில் மாறிற்று. பழுதற்ற ஓட்டங்கள் யாவும் வெம்மையான நாள்களில் நிகழ்ந்தவை. குளிர்நாள்களிற் பழுதற்ற ஓட்டம் ஒன்றேனும் இல்லை.

பின்னர் விரிவுரையாளர் அத்தரவு எங்கிருந்து வந்ததெனக் கூறினார். அவை சலஞ்சர் விண்ணோடத்துக்கு முந்திய பறப்புகளின் தரவுகள். 1986 சனவரி 28ஆம் நாள் ஏவப்பட்டு 73ஆவது செக்கனிற் சிதைந்து எழுவரைப் பலிகொண்ட அவ்விண்ணோடத்தின் உந்துகணை இணைப்பை அடைத்த இறப்பர் வளையங்கள் குளிரில் இறுகிப்போயிருந்தன. விசாரணை ஆணைக்குழு அவ்வாண்டே தெரிவித்தவாறு, பரனைட் அளவையில் 66 பாகையும் அதற்கு மேலும் இருந்த 20 பறப்புகளில் மூன்றில் மட்டுமே வளையங்களிற் பாதிப்புக் காணப்பட்டது. 63 பாகையும் அதற்குக் கீழும் இருந்த நான்கிலும் காணப்பட்டது. ஏவும் நாளுக்கு முன்னிரவு எதிர்பார்க்கப்பட்ட குளிரோ உறைநிலையை ஒட்டியது. அவ்விரவில் ஆராயப்பட்டவை பெரும்பாலும் பாதிப்புற்ற பறப்புகளே. வகுப்பில் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

ஆயினும் ஒன்றைக் கூறாது விடலாகாது. விடய ஆய்வில் அஞ்சுபவர் எந்திரம் திருத்துபவர். அவர் கூற்றுக்கு ஆதாரமில்லை என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். உண்மையில் அவ்விரவில் ஏவவேண்டாமென எதிர்த்து நின்றவர்கள் உந்துகணை செய்த நிறுவனத்தின் பொறியியலாளரே. முதலில் அவர்கள் சொல் ஏற்கப்பட்டது. பின்னர் அந்நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் மற்றொருவரைப் பார்த்து, பொறியியலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு முகாமையாளர் தொப்பியை அணிந்துகொள்ளுமாறு கூறியதும் முடிவு மாறிற்று. முகாமைத்துவம் கற்பிக்கும் வகுப்பொன்றில் முதலிற் சொல்லவேண்டிய செய்தி இதுவெனவே எனக்குத் தோன்றியது. விடுபட்ட புள்ளிகளைப் பற்றிக் கற்பிக்கும் பாடத்திலும் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது.

அப்பாடத்தின் இறுதி ஒப்படைக்கு நிதி நிறுவனமொன்று தன் கடன் தரவுகளைப் பெயர் நீக்கித் தந்தது. 2009க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் திறந்த கிளைகளும் அதில் அடங்கும். விண்ணப்பிப்பவர் கடனைத் திருப்பிச் செலுத்துவாரா என்று முன்கூட்டியே கணிக்கும் பிற்செலவுச் சமன்பாடு ஒன்றை அமைப்பதே வேலை. வயது, வருமானம், தொழில், பிணையாளர் தொகை ஆகியவற்றோடு, 'தற்போதைய முகவரியில் வசித்த ஆண்டுகள்' என்பதும் ஒரு மாறி. கடன் மதிப்பீட்டில் உலகெங்கும் வழங்கும் மாறி அது. ஓரிடத்தில் நெடுங்காலம் வாழ்பவர் நிலையானவர், நிலையானவர் நம்பத்தக்கவர் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். எங்கள் தரவிலும் குறைந்த ஆண்டுகள் வசித்தோர்க்கு இடர் கூடுதலாகவே காட்டிற்று. "எண் பொய் சொல்லாது, சேர்த்துக்கொள்வோம்" என்றார் வங்கியாளர்.

நான் அந்நிரலை நோக்கினேன். வன்னிக் கிளைகளில் விண்ணப்பித்தோர் பலருக்கும் வசித்த ஆண்டுகள் ஐந்து, ஆறு, ஏழு. அவர்கள் அலைந்து திரிபவர்களல்லர்; பாட்டன் காலத்துக் காணியில் 2010இலும் 2011இலும் மீளக்குடியமர்த்தப்பட்டவர்கள். அவர்கள் ஊரைவிட்டு அகன்றிருந்த காலமே அவர்களின் நாணயத்துக்குக் குறையாகக் கணக்கிடப்படவிருந்தது. ஐயாவே இவ்வாறு 1997இல் விண்ணப்பித்திருப்பின், சுன்னாகத்திற் பிறந்து அங்கேயே கடை நடத்திய மனிதர், ஓராண்டு மட்டும் வசித்தவராக அப்படிவத்தில் நின்றிருப்பார். இன்னொரு குறையும் இருந்தது. தரவிற் கடன் பெற்றோர் மட்டுமே இருந்தனர். மறுக்கப்பட்டோர் கடனைத் தீர்த்திருப்பாரா என்பதற்குப் பதிவு இராது. ஆகவே, மறுத்தது சரிதானா என்பதை எந்தச் சமன்பாட்டாலும் அத்தரவைக் கொண்டு சோதிக்க முடியாது.

கிளைகளைப் பிரித்து மறுபடியும் கணித்தோம். தாமாக வீடு மாறும் நகரத்தாரிடையே அம்மாறிக்குப் பொருள் இருந்தது. மீளக்குடியமர்ந்த பகுதிகளில் அதன் தாக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதனை நிறுவனத்தின் அலுவலர் முன் எடுத்துரைத்தபோது அவர் மறுக்கவில்லை. "நல்லது. ஆனால் படிவத்தைப் பார்த்து, இவர் இடம்பெயர்ந்தவர் என்று நாங்கள் எப்படி அறிவது?" என்று கேட்டார். முகவரி மாறிய காரணத்தையும் கேட்டு ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். மன்னாரிலிருந்து வந்த எங்கள் குழுத் தோழி உடனே தடுத்தார். அவர் குடும்பம் மூன்று முறை இடம்பெயர்ந்தது. "ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கக் கடன் கேட்டுப் போற ஆளிட்டை, ஏன் ஊரை விட்டுப் போனனீர் எண்டு கேக்கிறதோ? அதை ஆர் வாசிப்பினம், எங்கை வைப்பினம்?" என்றார். கேட்டாற் காயம், கேளாவிட்டால் நட்டம். அன்று மாலை வெள்ளவத்தை வரை பஸ்ஸிலும் அவ்வாதம் ஓயவில்லை. அறிக்கையில் இரு கருத்துகளையும் அருகருகே எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் படிவத்தில் புதிய வரியொன்று சேர்ந்தது: 'இதற்கு முன் வசித்த இடம்'. காரணம் கேட்கப்படவில்லை. ஓர் ஊரின் பெயரை மட்டும் எழுதத்தக்க அளவு இடம் அதற்கு விடப்பட்டிருந்தது.